மேமோகிராம் ரிப்போர்ட்ல அந்த ஒரு வரியையும் சொல்லுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

அக்டோபர் மாசம் வந்தா மார்பகப் புற்றுநோய் பத்தி பேப்பர்ல நிறைய வருது, நல்ல விஷயம்தான். ஆனா மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுங்கன்னு சொல்றதோட நின்னுருது, எடுத்த பிறகு கைக்கு வர்ற ரிப்போர்ட்ட எப்படிப் பாக்கணும்னு யாரும் எழுத மாட்டேங்குறாங்க, அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

எங்க மதினிக்கு மதுரையில ஒரு ஸ்கேன் சென்டர்ல எடுத்தோம். கவுன்டர்ல இருந்த பொண்ணு கவரைக் குடுத்து "நார்மல்தான்க்கா, ஒண்ணுமில்ல"ன்னு அனுப்பிருச்சு. ரிப்போர்ட்ல கடைசியில பைரேட்ஸ் 1னு (புத்துநோய்ச் சந்தேகம் எவ்வளவுன்னு போடுற நம்பர்) இருந்துச்சு, அது நார்மல்தான், ஆனா மேல நடுவுல டென்சிட்டி (அடர்த்தி) டைப் சி-ன்னு ஒரு வரி, அதப் பத்தி ஒருத்தரும் வாயத் தெறக்கல. அப்புறம் தெரிஞ்ச டாக்டரம்மா ஒருத்தங்க ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, இங்க பாருங்க எவ்வளவு வெள்ளையா இருக்குன்னு காட்டி விளக்குனாங்க.

மார்புல கொழுப்பும் இருக்கு, பால் சுரப்பியும் நார்த்திசுவும் இருக்கு. மேமோகிராம்ல கொழுப்பு கறுப்பாத் தெரியும், மத்தது வெள்ளையாத் தெரியும், புத்துக்கட்டியும் வெள்ளையாத்தான் தெரியும். வெள்ளைத் துணியில விழுந்த மல்லிகை மொட்டைத் தேடுற மாதிரிதான், கட்டி இருந்தாலும் கண்ணுக்குத் தட்டுப்படாமப் போயிரலாம். வெள்ளையாத் தெரியுற திசு எவ்வளவுங்கறதைத்தான் அடர்த்திங்கறாங்க, அதை ஏ, பி, சி, டி-ன்னு நாலா பிரிக்கிறாங்க, சி-யும் டி-யும் அடர்த்தி அதிகம். இது நோய் இல்ல, 40 வயசுக்கு மேல மேமோகிராம் எடுக்குறவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இப்படித்தான்னு அமெரிக்கக் கணக்கு. சின்ன வயசுலயும் ஒல்லியா இருக்குறவங்களுக்கும் அதிகமா இருக்கும், மாதவிடாய் நின்ன பிறகு பொதுவா குறையும். கையால தொட்டுப் பாத்தோ பெருசு சிறுசு வச்சோ கண்டுபிடிக்க முடியாது, ஃபிலிம்ல மட்டும்தான் தெரியும். கட்டிய மறைக்கிறது ஒரு பக்கம், அடர்த்தி அதிகம் இருந்தா புற்றுநோய் வர்ற வாய்ப்பும் கொஞ்சம் கூடுது, அதனாலதான் இதைச் சொல்லாம விடுறது தப்புங்கறேன்.

அமெரிக்காவுல நான்சி கப்பெல்லோன்னு ஒரு அம்மா, வருசா வருசம் மேமோகிராம் எடுத்து நார்மல் நார்மல்னே வந்து, 2004ல நோய் முத்தின நிலையில தெரிய வந்துச்சு. அவங்க விடாமப் போராடி 2009ல கனெக்டிகட் மாநிலத்துல அடர்த்தியப் பேஷன்ட்கிட்ட சொல்லியே ஆகணும்னு சட்டம் வந்துச்சு, 2024 செப்டம்பர்ல இருந்து அந்த நாடு முழுக்க கட்டாயம். நம்ம நாட்டுல அப்படிச் சட்டம் இல்ல. இங்க மேற்கு நாடுகளைவிட சின்ன வயசுலயே இந்த நோய் வருதுன்னு டாக்டர்களே சொல்றாங்க, சின்ன வயசுன்னா அடர்த்தியும் அதிகம், அப்ப நமக்குத்தானே இது முக்கியமாத் தெரியணும்?

மதுரையில இருக்குற ஸ்கேன் சென்டர்காரங்க, ஆஸ்பத்திரிக்காரங்க எல்லார்கிட்டயும் கேக்குறது இவ்வளவுதான், ரிப்போர்ட்ல தமிழ்ல ரெண்டு வரி அடிச்சுக் குடுங்க, உங்களுக்கு அடர்த்தி அதிகம், டாக்டர்கிட்ட கேளுங்கன்னு. மேலூர், உசிலம்பட்டியில இருந்து பஸ் ஏறி வர்றவங்க அந்த இங்கிலீஷ் பேப்பர வச்சு என்ன பண்ணுவாங்க?

அதுக்காக சி, டி-ன்னு வந்த எல்லாரும் உடனே எம்ஆர்ஐக்கு ஓடணும்னு இல்ல. அல்ட்ராசவுண்ட் சேத்து எடுக்கணுமா வேணாமாங்கறது வயசு, குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சாங்கறதப் பொறுத்து டாக்டர் சொல்லணும், கூடுதல் ஸ்கேன்ல தேவையில்லாத பயமும், சதையக் கொஞ்சம் எடுத்துப் பாக்குற பயாப்சியும் வர்றதுண்டு. மேமோகிராமே வேணாம்னும் விட்டுறாதீங்க, சில சமயம் ஆரம்பப் புத்துநோயோட அடையாளமா இருக்குற பொடிப்பொடி கால்சியம் புள்ளிகளை அதுதான் நல்லாக் காட்டும். ஆனா மார்பைத் தொட்டுப் பாக்கும்போது கட்டி தட்டுப்பட்டா, காம்பு உள்ள இழுத்தா, ரிப்போர்ட் நார்மல்னு இருந்தாலும் சும்மா இருக்காதீங்க, திரும்பப் போய்க் காட்டுங்க. பழைய ஃபிலிமையும் தூக்கிப் போடாம பத்திரமா வச்சிருந்து அடுத்த தடவை எடுத்துட்டுப் போங்க, ஒப்பிட்டுப் பாக்க டாக்டருக்கு அது வேணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருமங்கலம்