உன் மந்திரவாதி பாலத்துக்கு முன்னால்தான் நிற்கிறான்

ராயபுரம்,
மே மாதம், சனிக்கிழமை இரவு

அன்புள்ள மச்சான்,

நீயும் தங்கச்சியும் நலம்தானே? சிங்கப்பூரில் பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாளா? இங்கே அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

காசிமேட்டில் இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து விசைப்படகெல்லாம் கரையில்தான். நம் போட்டுக்காரன் சனிக்கிழமை தவறாமல், ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை நடத்தும் நம் ஆட்டத்துக்கு வந்துவிடுகிறான். ஜூன் 14 முடிந்தால் கடலுக்குப் போய்விடுவான். அதற்குள் நீயும் வந்து சேர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு நீ ஆன்லைனில் உட்கார்ந்துவிட்டுப் பாதியிலேயே போனபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. போன மாதம் காய்ச்சலில் மாடி அறையில் படுத்திருந்தேன். எனக்குப் பதிலாகத் தம்பி கீழே டி.எம். ஆக, அதாவது கதை சொல்லி நடத்துபவனாக இருந்து ஆட்டத்தை நடத்தினான், நான் லேப்டாப்பில் சேர்ந்துகொண்டேன். கீழே எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், எனக்கு எதற்கென்று தெரியவில்லை. கேட்டால் "அப்புறம் சொல்றேன்" என்கிறார்கள். என் முறையே இரண்டு தடவைதான் வந்தது. அன்றைக்குத்தான் உன் நிலைமை புரிந்தது. மன்னித்துவிடு.

தீபாவளி அன்று நாங்கள் செய்த பெரிய தப்பு கேரம் காயின். 43 இன்ச் டிவியைக் கேரம் போர்டு மேலே படுக்க வைத்து, அதன் மேல் அக்ரிலிக் ஷீட் போட்டிருந்தோம். இன்ச்சுக்கு 51 பிக்சல் என்று கணக்குப் போட்டு, ஒரு கட்டம் ஒரு இன்ச். ஆட்டத்தில் அது ஐந்தடி. கறுப்புக் காயின் எல்லாம் காப்ளின் என்ற குட்டிப் பூதங்கள், ஸ்ட்ரைக்கர்தான் ஓகர் என்ற பெரிய அரக்கன். எங்களுக்குப் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. உன் திரையிலோ வெறும் மேப். ஓகர் உன் பக்கத்தில் வந்து நின்றதே உனக்குத் தெரியாது.

இப்போது காயின் எல்லாம் டப்பாவுக்குள் போய்விட்டது. எது நகர்ந்தாலும், இந்த ஆட்டத்தைத் திரையில் ஆட வைக்கும் ஃபவுண்ட்ரி என்ற மென்பொருளுக்குள், மேப் மேலே வைக்கும் சின்னப் படமான டோக்கனாகத்தான் நகர வேண்டும். இங்கே ஒரு வயர்லெஸ் மவுஸ் கைக்குக் கை மாறுகிறது. டிவிக்கென்று தனியாக ஒரு பிளேயர் கணக்கு வைத்தேன். நான் ஒளித்து வைத்திருப்பது அதில் தெரியாது. கதவைத் திறந்தால் டிவியிலும் உன் திரையிலும் ஒரே நேரத்தில் இருட்டு விலகும். ஃபவுண்ட்ரியை நான் ஒருவன் வாங்கினால் போதும், நீ பிரவுசரில் வந்துவிடலாம். வீட்டு இணைப்புக்குத் தனி ஐபி கிடையாது என்பதால் வெளியிலிருந்து யாராலும் நேராக நுழைய முடியவில்லை. தம்பி ஒரு டனல், அதாவது வெளியிலிருந்து உள்ளே வர ஒரு இணைய வழி போட்டுக் கொடுத்தான்.

பகடையை மட்டும் விட்டுத்தர மனசு வரவில்லை. இருபது முகப் பகடை உருள்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். எவர்சில்வர் தட்டில் அம்மாவின் பழைய துண்டை விரித்து அதில்தான் உருட்டுகிறோம், இல்லையென்றால் அந்த டங் சத்தம் உன் காதைப் பிளக்கும். தட்டுக்கு மேலே ஒரு போனைக் கவிழ்த்து மாட்டியிருக்கிறேன். எண் உனக்கும் தெரியும். நீ ஃபவுண்ட்ரியிலேயே உருட்டு, உன் எண் டிவியில் வரும்.

இதையெல்லாம் விடப் படுத்தியது சத்தம்தான். ஆளுக்கொரு லேப்டாப்பில், நாம் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் செயலியைத் திறந்து வைத்ததால்தான் அன்று அப்படி ஊளையிட்டது. இப்போது நடுவில் ஒரே ஒரு ஸ்பீக்கர்ஃபோன். மற்ற எல்லாவற்றிலும் மைக்கும் ஸ்பீக்கரும் அணைத்திருக்கும். இரைச்சல் குறைப்பானை முழுசாக வைத்தால் ஃபேன் சத்தம் போகிறது, ஆனால் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் ஒருவர் குரலை விழுங்கிவிடுகிறது. அதனால் அதை நிறுத்திவிட்டு, ஃபேனை ஒன்றில் வைத்துக்கொண்டு வியர்த்தபடி விளையாடுகிறோம். பரவாயில்லை மச்சான், நீ பேசுவது கேட்கிறதே.

இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறோம். நான் "என்ன செய்யறீங்க?" என்று கேட்டால் முதல் பதில் வெளியூரில் இருப்பவனுடையது. மேசையில் யாராவது சிரித்தால், எதற்கென்று ஒருவர் உடனே மைக்கில் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரமாகத் திருவொற்றியூர்க்காரனை வேண்டுமென்றே வீட்டிலிருந்து சேரச் சொல்லிப் பார்த்தேன். நேற்று முன்தினம் போன் பண்ணி, அடுத்த வாரமும் அப்படியே வரட்டுமா என்று கேட்டான்.

வருகிற சனிக்கிழமை இங்கே மாலை 6 மணி, உனக்கு இரவு 8.30. பாப்பா தூங்கிய பிறகு வந்தாலும் சரி. மொட்டை மாடியில் விளையாடிய காலத்தில் நீ பென்சிலால் உன் மந்திரவாதியின் விவரமெல்லாம் எழுதிய கேரக்டர் ஷீட் பீரோவில் பத்திரமாக இருந்தது, அப்படியே ஏற்றிவிட்டேன். தீபாவளிக்கு நீ விட்டுப்போன இடத்தில், அந்தப் பாலத்துக்கு முன்னால், உன் டோக்கனை வைத்திருக்கிறேன். கையில் இரண்டு மந்திரம் பாக்கி இருக்கிறது. லிங்க் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்