செவ்வாய்க்கிழமை வீடு வரை கூட்டி வந்த தம்பிக்கு

கடந்த செவ்வாய்க்கிழமை கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நவநாள் செபம் முடிந்து வெளியே வரும்போது தலை சுற்றியது. சரியான வெயில், நெரிசல் வேறு. விழ இருந்த என்னைப் பிடித்து நிழலில் இருத்தி, தண்ணீர் தந்து, ஆட்டோவில் வெள்ளவத்தை வீடு வரைக்கும் கூட்டி வந்தாரே ஒரு தம்பி, அவருக்குத்தான் இந்த நன்றி. பெயர்கூடச் சொல்லவில்லை. ஆட்டோக் காசையும் வாங்க மறுத்துவிட்டார்.

அவர் சிங்களப் பிள்ளை, பௌத்தர். அம்மாவின் சுகத்துக்காக மெழுகுதிரி ஏற்ற வந்தவராம். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே எல்லா மதத்தவரும் வருவது புதிதல்ல. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகும் அது நிற்கவில்லை. ஏப்ரல் 21இல் சிதைந்த கோயில் ஜூன் 12இல் மீண்டும் அர்ச்சிக்கப்பட்டபோது நான் அழுதேன்.

காலிமுகத்திடலைத் தாண்டும்போது, 2022இல் அங்கே நடந்த அரசுக்கு எதிரான போராட்டம் பற்றிக் கதைத்தோம். அவர் அங்கே இரவில் தங்கியவர். அதனால் என்ன மாறியது என்று கேட்டேன். கோபப்படாமல் தன் நம்பிக்கையைச் சொன்னார். எனக்கு முழுவதும் உடன்பாடில்லை. ஆனால் என் கூட்டாளிமாரோடு தேர்தல் கதை வந்தாலே சத்தத்தில்தான் முடிகிறது. ஒருவர் 2024 தேர்தலுக்குப் பிறகு என்னோடு கதைப்பதே இல்லை. அன்று பின்னேரமே அவருக்குப் போன் எடுத்தேன். அதற்கும் காரணம் இந்தத் தம்பிதான்.

தம்பி, உங்கள் அம்மாவுக்காகத் தினமும் செபிக்கிறேன். அவருக்குச் சுகமா என்று அறிய ஆசை. செவ்வாய்க்கிழமைகளில் பூசைக்கு வருவேன், கண்டால் கூப்பிடுங்கள்.