அந்த எருது வண்டிக் கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், இன்றைய பிரான்ஸ், ஜெர்மனிப் பகுதிகளை 8ஆம் நூற்றாண்டில் ஆண்ட பிராங்கு இனத்து மன்னர் சார்லமேன் பற்றி வந்த கட்டுரையைக் கீழே வைக்காமல் படித்து முடித்தேன். போர்களைக் கட்டுரையாளர் விவரித்த விதம் நன்றாக இருந்தது. ஆனால் சார்லமேன் குடும்பத்துக்கு முன் ஆண்ட மெரோவிஞ்சிய வம்சத்து அரசர்களைப் பற்றிய பத்தி மட்டும் மீன் முள்ளாகத் தொண்டையில் நிற்கிறது. நீண்ட முடியும் தாடியுமாகச் சிம்மாசனத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார்களாம். தூதர்கள் வந்தால் சொல்லிக்கொடுத்த பதிலை ஒப்பிப்பார்களாம். வெளியே கிளம்பினால் மாட்டுக்காரன் ஓட்டும் எருது வண்டியாம். இந்த 'ஆம்' எல்லாம் நான் போட்டது. கட்டுரையாளர் கண்ணால் பார்த்ததுபோல எழுதியிருக்கிறார்.

இதைச் சொன்னவர் ஐன்ஹார்ட், சார்லமேன் அரசவையில் ஆளானவர், அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். சார்லமேனின் அப்பா பெப்பின்தான் 751-இல் கடைசி மெரோவிஞ்சிய அரசரான மூன்றாம் சில்டெரிக்கின் முடியைக் கத்தரித்து மடத்துக்கு அனுப்பிவிட்டு அரியணை ஏறியவர். பிடுங்கிக்கொண்ட வீட்டின் உப்பைத் தின்றவர், பறிகொடுத்தவர்களைப் பற்றி வேறு எப்படி எழுதுவார்?

அந்த முடியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. அந்த வம்சத்துக்கு அதுதான் கிரீடம். 6ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயராக இருந்த கிரிகோரி ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். அந்த வம்சத்து அரசர் குளோவிஸின் விதவை குளோத்தில்டிடம் அவள் பெற்ற பிள்ளைகளே ஓர் ஆளை அனுப்புகிறார்கள். அவன் கையில் ஒரு கத்தரிக்கோல், உருவிய ஒரு வாள். உன் பேரன்கள் முடியை இழந்து வாழட்டுமா, உயிரை இழக்கட்டுமா என்று கேட்கிறான். ஆட்சி இல்லையென்றால் மொட்டையாக இருப்பதைவிடச் சாகட்டும் என்று ஆத்திரத்தில் சொல்லிவிடுகிறாள் கிழவி. இரண்டு பேரன்களைக் கொன்றே விட்டார்கள்.

சரி, எருது வண்டிக்கு வருகிறேன். 710 வாக்கில் பாரிஸ் அருகே இருந்த செயின்ட் டெனிஸ் மடத்துச் சந்தையின் சுங்கத்தில் ஒரு பங்கை அரண்மனை மேயரான கிரிமோவால்டின் ஆட்கள் வசூலித்துக்கொண்டிருந்தார்கள். மேயர் என்றால் நம்மூர் மேயர் இல்லை. நாட்டையே நடத்தியதாகச் சொல்லப்படும் ஆள், அதுவும் சார்லமேனின் மூதாதையர் குடும்பத்துப் பிள்ளை. வழக்கு அரசர் மூன்றாம் சில்டெபெர்ட்டிடம் போனது. அவர் மடத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அந்தச் சாசனம் இன்றும் இருக்கிறது. பொம்மை அரசர் தன்னை ஆட்டுவிக்கிறவனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வாரா? 727-இல் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய பிராங்கு வரலாறு இதே சில்டெபெர்ட்டை நீதிமான் என்று நல்ல வார்த்தையால் நினைவுகூர்கிறது. ஐன்ஹார்ட் சிரித்தது அதற்குச் சுமார் நூறு வருஷம் கழித்து.

பெப்பின் அரியணை ஏறும் முன், யார் அரசனாக இருப்பது சரி என்று போப் சக்கரியாஸிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள், அதிகாரம் உள்ளவனே அரசன் என்று அவர் சொன்னார் என்ற கதையும் இந்த ரகம்தான். அது இருப்பது பிராங்கு அரச ஆண்டுக்குறிப்புகளில். அந்தப் பகுதி எழுதப்பட்டது சுமார் நாற்பது வருஷம் கழித்து. ரோமில் எழுதப்பட்ட சக்கரியாஸின் வரலாற்றில் இப்படி ஒரு கேள்வி வந்ததாகப் பேச்சே இல்லை.

இதனால் பிராங்குகள் எழுதியதெல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. 778-ஐப் பாருங்கள். ஸ்பெயினிலிருந்து திரும்பிய சார்லமேனின் பின்படையை பிரனீஸ் மலைக் கணவாயில் பாஸ்க் மக்கள் மறைந்திருந்து தாக்கி அழித்தார்கள். முதலில் எழுதிய ஆண்டுக்குறிப்பில் இதைப் பற்றி மூச்சு கிடையாது. மன்னர் போனார், வென்றார், வந்தார், அவ்வளவுதான். பிற்பாடு அதே குறிப்புகளைத் திருத்தி எழுதிய ஒருவர் தோல்வியை உள்ளே கொண்டுவந்தார். அந்தக் காயம் ஸ்பெயினில் கிடைத்த வெற்றிகளின் மகிழ்ச்சியை மன்னர் மனத்தில் மங்கச் செய்துவிட்டது என்றும் சேர்த்தார். யார் அவர், ஏன் எழுதினார் என்று யோசித்தால் எனக்கு இன்றும் தூக்கம் போகிறது. இதே ஐன்ஹார்டும் அங்கே செத்தவர்களைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார், பிற்காலக் காவியப் பாட்டில் நாயகனான ரோலான் உட்பட. அதற்கு அவருக்கு ஒரு கும்பிடு.

கிரிகோரிக்கு இந்த வேலையெல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. தன் பத்துப் புத்தகங்களின் கடைசியில், வேண்டுமானால் செய்யுளாக மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் சிலதை எடுத்துச் சிலதை விட்டு வெட்டாதீர்கள் என்று பின்னால் வரும் ஆயர்களிடம் கெஞ்சியிருக்கிறார். அடுத்த நூற்றாண்டிலேயே ஆறு புத்தகமாகச் சுருக்கிவிட்டார்கள். கட்டுரையில் வருவது போல 'பிராங்குகளின் வரலாறு' என்று அவர் பெயர் வைக்கவும் இல்லை.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படம். மார்பு வரை தாடி தொங்கும் அந்த சார்லமேனை வரைந்தவர் ஜெர்மன் ஓவியர் டியூரர், மன்னர் இறந்து ஏறத்தாழ 700 வருஷம் கழித்து. சார்லமேன் உயிரோடிருந்தபோது அடித்த வெள்ளிக் காசில் முகவாய் மழமழவென்று இருக்கிறது, மீசை மட்டும்தான். ஐன்ஹார்ட் நீண்ட தாடியைச் சொல்லிக் கேலி செய்தது மெரோவிஞ்சியர்களை. அடுத்த இதழில் அந்தக் காசின் படத்தைப் போட முடிந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
திருச்சி