அம்மிணிக்கு, அந்தக் கோர்ஸ் விஷயமாக

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் நல்ல சுகம். பெரியப்பா வீட்டுக் காரியம் நல்லபடியாக முடிந்தது. நீ வராததை யாரும் தப்பாக எடுக்கவில்லை, அத்தை மட்டும் இரண்டு தடவை கேட்டார். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை.

ஞாயிற்றுக்கிழமை "வேலை ஜாஸ்திப்பா" என்று போனை வைத்துவிட்டாய். ஜனவரியில் சேர்ந்த ரிலையபிலிட்டி கோர்ஸ், அதுதான் ஒரு பாகம் எத்தனை காலம் பழுதில்லாமல் ஓடும் என்று கணக்குப் போடும் பாடம், என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. பாடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஐ.ஐ.டி.க்காரர்கள் ஆன்லைனில் நடத்தும் என்.பி.டி.இ.எல். 12 வாரக் கோர்ஸில், நல்ல மார்க் வந்த 8 அசைன்மென்ட்டுக்கு 25 மார்க், சென்டருக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. முன்னதில் 10, பின்னதில் 30, இரண்டும் தனித்தனியாக வந்தால்தான் சர்டிபிகேட். வீட்டில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அசைன்மென்ட்டில் 22 வாங்குகிறவர்கூடத் தேர்வில் 30-ஐத் தொடாமல் போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கோர்ஸுக்கு 'அறிமுகம்' என்ற தலைப்பைப் பார்த்துச் சுலபம் என்று நினைக்கிறோம். ஆரம்பப் பாடங்கள் அப்படித்தான் போகும். பழுதாகாமல் ஓடும் வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் 0.99 உள்ள பத்துப் பாகம் வரிசையாக இருந்தால் மொத்தத்துக்கு 0.904; பிளஸ் டூ கணக்கு. அதற்கப்புறம் வெய்புல் (ஆயுள் எப்படிப் பரவுகிறது என்று காட்டும் சூத்திரம்), ஹசார்ட் ரேட் (இதுவரை ஓடியது இனி பழுதாகும் வீதம்), சென்சார்டு டேட்டா (இன்னும் ஓடுவதால் முழு ஆயுள் தெரியாத பாகங்களின் கணக்கு) எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். காலேஜில் புள்ளியியலை ஒரே செமஸ்டரில் ஓட்டிவிட்டு வந்தவர்கள் தடுமாறும் இடம் அது. கணக்கில் 198 வாங்கிய பெண் நீ, தடுமாறினாலும் எழுந்துவிடுவாய். ஆனால் பேனா எடுக்காமல் மனசிலேயே போட்டுப் பார்ப்பது உன் பழைய பழக்கம். இந்தப் பாடம் அதற்கு இடம் கொடுக்காது. கையால் போடு.

ஐந்து பம்ப், ஐந்திலும் கசிவைத் தடுக்கும் ஒரே வகை சீல் என்று வைத்துக்கொள். மூன்றில் 2000, 3500, 5000 மணியில் சீல் போய்விட்டது. இரண்டு 6000 மணியைத் தொட்டு இன்னும் ஓடுகிறது. போனதை மட்டும் கூட்டி 3-ஆல் வகுத்தால் 3500. ஓடுகிற இரண்டின் 12,000 மணியையும் சேர்த்து அதே 3-ஆல் வகுத்தால் 7500. ஓடுகிறதை விட்டுவிட்டால் நல்ல சீலைப் பாதி ஆயுளில் கழற்றி எறிவோம். அந்த 7500-ஐயும் அப்படியே நம்பாதே. பழுது வீதம் மாறாது என்று வைத்துக்கொண்டு போட்ட எம்.டி.பி.எஃப்., அதாவது பழுதுக்குப் பழுது சராசரி நேரம், அது. அந்தக் கணக்கின்படியே 7500 மணியைத் தாண்டுவது நூற்றுக்கு 37 சீல்தான்.

இனி அதையே வெய்புல் தாளில், அந்தச் சூத்திரத்துக்கென்றே கட்டம் போட்ட வரைபடத் தாளில், போடு. போன சீலின் வரிசை எண்ணில் 0.3 கழித்து 5.4-ஆல் வகு: அந்தந்த மணிக்குள் போயிருக்கும் பங்கு 13, 31.5, 50 சதவீதம். மூன்று புள்ளிக்கும் பொதுவாகக் கோடு இழுத்தால் சரிவு 1.8-க்குக் கிட்ட வரும், கோடு 63.2 சதவீதத்தை, வெய்புலில் ஆயுளுக்கு அடையாளமாக எடுக்கும் இடத்தை, தொடுவது 6100 மணிக்குப் பக்கத்தில். சரிவு 1-க்கு மேல் போனால் தேய்மானம், ஆக 'வீதம் மாறாது' என்பதே ஆட்டம் காண்கிறது. மூன்றே புள்ளி என்பதால் இந்த 1.8-உம் கெட்டி இல்லை. ஓடுகிற பம்ப் ஒன்றை நடுவில், 3000 மணியில் நிறுத்தியிருந்தால், அதற்குப் பின்னால் வரும் வரிசை எண்களைத் திருத்த வேண்டும். திருத்தாமல் 1, 2, 3 என்றே போட்டால் விடை மாறிவிடும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். சுலபம் என்று உன்னைச் சேர்த்துவிட்டது நான்தான். நான் போனது மூன்று நாள் வகுப்பு. கடைசியில் பரீட்சை கிடையாது, உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் சர்டிபிகேட். ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே, அதுதான். அதற்கப்புறமும் பத்து வருஷம் ரிப்போர்ட்டில் 3500 வகைக் கணக்கைத்தான் எழுதிக்கொடுத்தேன், நல்ல சீல்களைக் கழற்ற வைத்தேன். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கும்போதுதான் புரிந்தது. இந்தக் கோர்ஸில் சேர்ந்த பிறகு நீ போன் பண்ணி, "ஓடுகிறதை எப்படிப்பா கணக்கில் சேர்ப்பது?" என்று கேட்டாய். "இன்னொரு தடவை வீடியோவைப் பார்" என்று வைத்துவிட்டேன். நானே பத்து வருஷம் மாட்டிக்கொண்ட கேள்வி அது என்று அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஏ.எஸ்.க்யூ. என்ற அமெரிக்கத் தரச் சங்கம் ரிலையபிலிட்டி இன்ஜினியர்களுக்கு நடத்தும் சி.ஆர்.இ. தேர்வுக்கு இப்போது பணம் கட்டாதே. 8 வருஷ அனுபவம் கேட்பார்கள், டிகிரிக்கு 4 கழியும். புத்தகம் திறந்து எழுதலாம் என்பதை நம்பி உட்கார்ந்தால், 165 கேள்விக்கு 4 மணி 18 நிமிஷம். ஒன்றுக்கு ஒன்றரை நிமிஷம்தான், புரட்டவே நேரம் இருக்காது. முதலில் இதைக் கையால் போட்டுப் பழகு. ஜூலையில் இன்னொரு சுற்று வரும், இந்தப் பாடம் அதில் இருக்கிறதா பார்.

அம்மா அனுப்பும் பார்சலில், பருப்புப்பொடி டப்பாவுக்குக் கீழே வெய்புல் தாள் பத்து வைத்திருக்கிறேன். உன் லைனில் ஏதாவது ஒரு பாகம், ஐந்து ஆயுள் போதும், ஓடுகிறதையும் சேர்த்துப் போட்டு போட்டோ எடுத்து அனுப்பு. ராத்திரி எத்தனை மணியானாலும் பார்த்துச் சொல்கிறேன். மார்க் எதுவும் அனுப்ப வேண்டாம்.

அப்பா