உமரித் தரையில் விடும் இறால் குளத்துத் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜாம்புவானோடைக்குத் தெற்கே, அலையாத்திக் காட்டுக்குப் போகும் வழியில் உள்ள உமரித் தரையைப் பற்றி எழுதுகிறேன். உமரி என்பது உப்புச் சதுப்பில் வளரும் ஒரு கீரைச் செடி. சென்ற வாரம் ஊர்க்கூட்டத்தில் இறால் பண்ணைக்காரர் ஒருவர், "எங்க குளத்துத் தண்ணி உமரிக்கு உரம்தானே, எப்படித் தழைச்சிருக்கு பாருங்க" என்றார். தழைத்திருப்பது உண்மைதான். எனக்குக் கவலையே அதுதான்.

உப்புச் சதுப்பில் செடிக்குப் பெரும்பாலும் தட்டுப்பாடு நைட்ரஜன்தான். சேற்றில் காற்று கிடையாது, உப்பும் குறுக்கே நிற்கும்; இருப்பதையே வேர் சிரமப்பட்டுத்தான் எடுக்கிறது. அப்படித் தேடிப் பரவும் வேர்தான் கரைச் சேற்றைக் கட்டி வைத்திருக்கிறது. உரம் தண்ணீரோடு வந்து சேர்ந்தால் செடி தண்டையும் இலையையும் பெருக்கும், வேரைச் சுருக்கும். இறாலுக்குப் போடும் தீவன நைட்ரஜனில் பெரும்பகுதி இறாலின் உடம்பில் சேர்வதில்லை; தண்ணீரிலும் குளத்துச் சேற்றிலும்தான் தங்குகிறது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கரையின் பிளம் தீவுச் சதுப்பில், லிண்டா டீகன் குழுவினர் 9 ஆண்டுகள் ஓடைத் தண்ணீரில் நைட்ரஜன் உரம் கலந்து பார்த்தார்கள். முதலில் புல் உயரமாக வளர்ந்தது. அப்புறம் ஓடைக்கரை வெடித்து, புல்லோடு சேர்ந்து சரிந்து விழுந்தது. 2012இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே இருப்பது புல், இங்கே உமரி. இரண்டும் ஒன்றல்ல, சரி. ஆனாலும் நாம் சோதித்துப் பார்க்க வேண்டாமா?

பண்ணை மதகடியில் ஒரு செடியைப் பிடுங்கினேன். இடுப்பு உயரம், கரும்பச்சை. இரண்டு விரலால் இழுத்ததுமே வந்துவிட்டது. அரை மைல் தள்ளி முழங்கால் உயரச் செடி ஒன்று, நுனி சிவந்தது. அதை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டித்தான் எடுக்க முடிந்தது. வேரோடு ஒரு கட்டிச் சேறும் வந்தது. இரண்டு செடியை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று 31 ஆண்டுகள் வகுப்பில் சொன்னவன் நான். அதனால்தான் முறையான ஆய்வு கேட்கிறேன்.

ஒவ்வொரு பண்ணையின் தண்ணீரையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று எழுதிவிட்டால் போதாது. ஒரே வாய்க்காலில் விடும் எல்லாப் பண்ணைகளையும் சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டும். ஐப்பசி மழையில் வயல் உரமும் ஆற்றோடு வந்து கலந்துவிடும் என்பதால், கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை என்று தண்ணீரையும் வேரையும் சோதிக்க வேண்டும். எங்கள் பெண்கள் கீரை பறித்து, வேகவைத்து உப்பு வடித்துச் சமைப்பதும் இந்த வாய்க்கால் கரை உமரியைத்தான்.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
முத்துப்பேட்டை