பெட் ஸ்கேனுக்கு உண்டியல் தூக்கும் முன்

சுங்கை சிப்புட் வட்டாரக் கோயில் கமிட்டியாருக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன். ஆடித் திருவிழா அன்னதானத்தில் ஈரல் புற்றுநோயாளி ஒருவருக்காக உண்டியல் வந்தது. "பெட் ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும்" என்று அட்டையில் எழுதியிருந்தது. ஐம்பது வெள்ளி போட்டேன். போட்ட கையோடு இதை எழுதுகிறேன்.

எல்லாம் தெரிந்துவிடாது. என் மச்சானுக்கு நாங்களும் இப்படி வசூல் செய்துதான் ஒரு தனியார் மருத்துவமனையில் அந்த ஸ்கேன் எடுத்தோம். ஈரலில் எதுவும் ஒளிரவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். மாரியம்மனுக்குப் பொங்கல்கூட வைத்தோம். நாலு மாதம் கழித்து, படம் தெளிவாக விழ மருந்து ஏற்றி எடுத்த சி.டி. ஸ்கேனில் கட்டி தெளிவாகத் தெரிந்தது.

பெட் ஸ்கேனுக்குப் போடும் ஊசியில் போவது கதிரியக்கம் சேர்த்த சர்க்கரை. புற்றுநோய் செல் அதை வாரி விழுங்கி உள்ளேயே பூட்டிக்கொள்ளும். படத்தில் அந்த இடம் பளிச்சென்று இருக்கும். ஆனால் சேர்த்த சர்க்கரையைத் திரும்ப இரத்தத்தில் விடுவது ஈரலின் பிறவிக்குணம். மெதுவாக வளரும் ஈரல் கட்டியிலும் அந்தக் குணம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் சுற்றியுள்ள ஈரலோடு நிறம் கலந்து மறைந்துவிடும். ஈரலிலேயே தோன்றும் புற்றில் பாதிக்குக் கிட்ட இந்த ஸ்கேனுக்குத் தப்பிவிடலாம். கண்டுபிடிக்க முதலில் வேண்டியது மருந்து ஏற்றிய சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோதான்.

அதற்காகப் பெட் ஸ்கேன் வீண் என்று சொல்லமாட்டேன். வேகமாக வளரும் முரட்டுக் கட்டிதான் அதில் பளிச்சிடும். எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவியிருக்கிறதா, ஈரல் மாற்றினால் நோய் திரும்புமா என்றெல்லாம் மருத்துவர் கணிக்க அது கைகொடுக்கும். குடல் புற்று ஈரலுக்குத் தாவியவர்களுக்கும் பயன்படும். சரி, இந்த ஸ்கேனை எதற்காகக் கேட்கிறார் என்று மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு உண்டியலைத் தூக்குங்கள்.

அப்புறம், நம் மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு, ஈரல் புற்றுக்கு வழிவிடும் ஹெப்படைட்டிஸ் பி கிருமிக்கான தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேர் இரத்தம் சோதித்திருப்பார்கள்? அந்தக் கிருமி உள்ளவர்களும், சம்சு சாராயம் குடித்து ஈரல் சுருங்கியவர்களும் (நம் ஊரில் இவர்களுக்குப் பஞ்சமில்லை) ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்தால், கட்டி சின்னதாக இருக்கும்போதே பிடிக்க வாய்ப்பு உண்டு. ஒரு பெட் ஸ்கேன் காசில் இந்த அல்ட்ராசவுண்டுக்காக ஈப்போவுக்கு எத்தனை தடவை வேன் பிடிக்கலாம், கணக்குப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வைத்தால், லயம் லயமாகப் போய்ப் பெயர் எழுத நான் வருகிறேன். மோட்டார் சைக்கிள் ஓட்ட ஒரு பையன் மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய டிரெஸ்ஸர்