வயசுப் பிள்ளைக்கும் வீட்டில் ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தத்தித் தத்தி நடக்கிற குழந்தையை வளர்ப்பது கடினமா, பதின்ம வயதுப் பிள்ளையை வளர்ப்பது கடினமா என்று தங்கள் வாசகர் பகுதியில் நடந்துவரும் விவாதத்தைப் படித்து வருகிறோம். எழுதியவர்களில் பெரும்பாலோர் இரண்டு வயதையே சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் வட்டாரங்களில் குழந்தைநலச் செவிலியர்களாகவும் உயர்நிலைப் பள்ளி ஆலோசகர்களாகவும் வேலை செய்கிறவர்கள். எங்கள் அபிப்பிராயம் வேறு. சின்னப் பிள்ளை உடம்பை முறிக்கும், உண்மைதான். ஆனால் பெற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது பதினான்கு, பதினைந்து வயதில். குழந்தைக்கு இரண்டு வயதாக இருக்கும்போது ஆயா, தாத்தா, அத்தை, அடுத்த வீட்டுக்காரர் என்று உதவிக்கு நாலு பேர் இருப்பார்கள். மீசை அரும்பியதும், 'பெரிய பிள்ளைதானே, அவனே பார்த்துக்கொள்வான்' என்று அத்தனை பேரும் ஒதுங்கிவிடுகிறார்கள். கடினத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

இருந்தாலும் சின்னப் பிள்ளையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். அந்த வயதில் ஒரு கவனக்குறைவு சில நிமிடங்களில் உயிரை எடுத்துவிடும். தமிழ் வீடுகளில் எங்களுக்குப் பெரிய பயம் சாமி விளக்கின் கீழ்த் தட்டில் இருக்கும் சூடம். வெள்ளையாக, மிட்டாய் போல, குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. ஒரு கிராம் அளவு உள்ளே போனாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. ஐந்து நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், பெரும்பாலும் எந்த முன்னறிகுறியும் இல்லாமல், வலிப்பு வந்துவிடும். வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியின் நடுவே வலிப்பு வந்தால் அது நுரையீரலுக்குள் போகும். வாயில் மிச்சமிருப்பதைத் துடைத்து எடுத்துவிட்டு, குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நஞ்சு உதவி எண் 0861 555 777க்கு அழையுங்கள். அது இரவும் பகலும் இயங்குகிறது. வலிப்பே வந்துவிட்டால் நேராக 10177க்கோ 112க்கோ ஆம்புலன்ஸ் கேளுங்கள். நெஞ்சில் தேய்க்கும் சளித் தைலத்திலும் சூடம் இருக்கிறது, அதன் டப்பியும் கட்டில் பக்கத்தில் கிடக்க வேண்டாம். இங்கே பாரஃபின் என்று சொல்கிற மண்ணெண்ணெயைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. அதைக் குடித்துவிட்டாலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, பாலும் கொடுக்கக் கூடாது.

காரில் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தனி இருக்கை வேண்டும் என்பது இங்கே 2015 முதல் சட்டம். முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொண்டு போகிற தாய்மார்களை இன்றைக்கும் பார்க்கிறோம். பிரேக் போட்டால் எந்தக் கையும் தாங்காது.

அடம் பிடிப்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். இரண்டு வயதில் ஐம்பது சொற்களும், இரண்டிரண்டு சொல் சேர்த்துப் பேசுவதும் வந்திருந்தால் வளர்ச்சி சரி என்று நாங்கள் பார்ப்போம். ஆனால் அதைப் போலப் பல மடங்கு பிள்ளைக்கு விளங்குகிறது. விளங்கியதைச் சொல்ல வாய் வராத ஆத்திரம்தான் தரையில் புரளுகிறது. அடம் எப்போது வருகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். மதியத் தூக்கம் தவறிய நாள், சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணி நேரம், விளையாட்டை நிறுத்திவிட்டுக் கிளம்பச் சொல்கிற நேரம், இந்த மூன்றிலும்தான் அதிகம் இருக்கும். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து வரை 10 முதல் 13 மணி நேரம். வீட்டில் பெரியவர்கள் சீரியல் பார்த்து முடிக்கும்வரை கூடவே விழித்திருக்கும் பிள்ளைக்கு மறுநாள் அடம் வராமல் என்ன செய்யும்?

புரண்டு அழும்போது முதலில் தலையில் இடிக்கிற சாமானை நகர்த்துங்கள். பக்கத்தில் தரையிலேயே உட்காருங்கள். 'கோபமா இருக்கு, தெரியுது. சாக்லேட் கிடையாது' என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அதற்கு மேல் பேச்சு வேண்டாம், அந்த உச்சத்தில் நியாயம் எதுவும் காதில் ஏறாது. கத்தல் அடங்கித் தேம்பல் தொடங்கும்போது தூக்கிக்கொள்ளலாம். காரியம் கெடுவது எங்கே என்றால், பத்து நிமிடம் பொறுத்துவிட்டு, அக்கம்பக்கம் பார்க்கிறார்களே என்று பதினோராவது நிமிடம் சாக்லேட்டைக் கையில் கொடுப்பதில். பதினோரு நிமிடம் அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொள்கிறது, அடுத்த தடவை பதினைந்து நிமிடம் அழுது பார்க்கும். கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அழுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அம்மா மறுத்ததை ஆயா முந்தானைக்குள் வைத்துக் கொடுப்பதும் இதே கணக்குத்தான்.

சில குழந்தைகள் அழுகையின் உச்சத்தில் மூச்சை அடக்கி, உதடு நீலம் பாரித்து, ஒரு கணம் நினைவிழந்து துவண்டுவிடும். பார்ப்பவர்களுக்குக் குலை நடுங்கும், ஆனால் ஒரு நிமிடத்துக்குள் தானாகத் தெளிந்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முகத்தில் தண்ணீர் அடிக்க வேண்டாம், வாயில் கரண்டியைத் திணிக்க வேண்டாம். முதல் தடவை வந்தால் மருத்துவரிடம் காட்டி, இரும்புச் சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வருகிறது, மருந்து கொடுத்தால் பலருக்கும் குறைகிறது. சாப்பிட மாட்டேன் என்கிறான் என்று நாளெல்லாம் பாட்டிலில் பால் கொடுக்கிற வீடுகளில்தான் இந்தக் குறை அதிகம். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டர் பாலுக்கு மேல் வேண்டாம். பாட்டிலில் தேநீர் ஊற்றிக் கொடுப்பது இன்னும் மோசம், தேயிலை உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேர விடாது.

அடித்தால்தான் திருந்தும் என்று இரண்டு கடிதங்களில் இருந்தது. பள்ளியில் அடிப்பதை இந்த நாடு 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்திலேயே நிறுத்திவிட்டது. 'அளவோடு அடித்தேன்' என்று பெற்றோர் சொல்லக்கூடிய தற்காப்பும் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2019 செப்டம்பர் 18 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போது வீட்டில் அடித்தாலும் அது தாக்குதல் வழக்காகலாம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அடி வாங்கிய இரண்டு வயதுப் பிள்ளை கற்றுக்கொள்வது அம்மா இல்லாதபோது அதைச் செய்ய வேண்டும் என்பதை. பதினைந்து வயதில் அந்தப் பாடம்தான் பெற்றோரைத் திருப்பி அடிக்கிறது, ஏனென்றால் அப்போது பிள்ளை பெரும்பாலும் உங்கள் கண் முன்னால் இல்லை.

இனி வயசுப் பிள்ளைகள். எங்களிடம் வருகிற பெற்றோர் முதலில் சொல்கிற குறை, 'காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்' என்பது. பூப்பெய்தும் பருவத்தில் தூக்கத்தைக் கொண்டுவரும் சுரப்பு இரவில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தள்ளிப் போகிறது. பதினோரு மணிக்கு முன் அவனுக்குத் தூக்கம் வராது, பள்ளி மணி அதற்காகக் காத்திருக்காது. 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டிய வயதில் ஆறு மணி நேரம் தூங்கிவிட்டு வருகிறார்கள். அதைச் சோம்பல் என்று திட்டிப் பயனில்லை. போனை எல்லாரும், அப்பா அம்மாவும்தான், இரவு ஒன்பதரைக்கு சமையலறையில் சார்ஜில் போட வேண்டும். பிள்ளையின் போனை மட்டும் பிடுங்கினால் ஒரு வாரம்கூட நிற்காது. சனி ஞாயிறு வழக்கத்தைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்க விடாதீர்கள், விட்டால் திங்கட்கிழமை மறுபடி அதே கதை.

பேச வேண்டியதைப் பள்ளி விட்டு வந்து பையை இறக்கியதும் பேசாதீர்கள். சாப்பாடு போடுங்கள், அரை மணி நேரம் விடுங்கள். எதிரே உட்கார வைத்துக் கேட்டால் அது விசாரணையாகிவிடும். காரில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போதும், பாத்திரம் துடைக்கும்போதும் தானாக வரும். 'ஸ்கூல் எப்படி?' என்ற கேள்விக்கு 'ஓகே' என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. 'இன்றைக்கு இடைவேளையில் யாரோடு உட்கார்ந்தாய்?' என்று கேட்டுப் பாருங்கள்.

ஒன்பதாம் வகுப்பு முடிவில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. இங்கே பல வீடுகளில் அதற்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து ஏழு பாடங்கள்: இரண்டு மொழிகள், வாழ்க்கைத் திறன் கல்வி, கணிதம் அல்லது கணித எழுத்தறிவு (அன்றாட வாழ்க்கைக் கணக்குகளைச் சொல்லித்தரும் எளிய பாடம்), விருப்பப் பாடங்கள் மூன்று. மதிப்பெண் குறைகிறதே என்று கணிதத்தை விட்டுக் கணித எழுத்தறிவுக்குப் போனால் பொறியியல், மருத்துவம், கணக்காயர் படிப்பு ஆகியவற்றின் கதவு அன்றைக்கே சாத்தப்படுகிறது. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் அது தெரிய வருவது மெட்ரிக் என்று இங்கே சொல்கிற பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டில் விண்ணப்பம் எழுதும்போது. எல்லாருக்கும் கணிதம் வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பிலேயே பல்கலைக்கழகத்தின் சேர்க்கை விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையோடு உட்காருங்கள்.

போதைப் பொருளைப் பற்றி யாரும் எழுதவில்லை, அது எங்களுக்கு வருத்தம். 'சுகர்ஸ்' என்று சாட்ஸ்வொர்த்தில் சொல்கிற பழுப்புத் தூள் ஹெராயின் கலந்தது. குளிர்பான உறிஞ்சு குழாயைச் சிறு துண்டாக வெட்டி, இரண்டு முனையையும் சுட்டு ஒட்டி, அதற்குள் அடைத்து விற்கிறார்கள். காற்சட்டைப் பையில் அப்படி ஒரு துண்டோ, கருகிய அலுமினியத் தாளோ இருந்தால் கவனியுங்கள். கோடையிலும் மூக்கொழுகல், கொட்டாவி, வயிற்றுப் பிடிப்பு, வீட்டிலிருந்து சின்னச் சாமான்கள் காணாமல் போவது எல்லாம் சேர்ந்து வரும். கண்டுபிடித்த அப்பாக்கள் பெரும்பாலும் செய்வது அறையில் போட்டுப் பூட்டுவது. பத்து நாளில் வாந்தியும் வலியும் அடங்கிவிடும், பையன் தேறிவிட்டான் என்று வெளியே விடுவார்கள். இங்கேதான் சாவு நடக்கிறது. அந்தப் பத்து நாளில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடுகிறது. பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ஆகவே பூட்டாதீர்கள். மருத்துவரோடு பேசி, மருந்து கொடுத்துப் பழக்கத்தைப் படிப்படியாகக் குறைக்கிற சிகிச்சைக்கும், அதற்குப் பிறகான மாதங்களுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்யுங்கள்.

மெட்ரிக் முடிவு ஜனவரியில் வருகிறது. அந்த வாரம் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். சாப்பிடாமல், பேசாமல், பிடித்த சாமானை எல்லாம் எடுத்து நண்பர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால் நேராகக் கேளுங்கள்: 'சாகணும்னு தோணுதா?' அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்றுதான் பிள்ளைக்குப் படும். ஆமாம் என்றால் கூடவே இருங்கள். வீட்டு மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் பூட்டி வையுங்கள். 0800 567 567 என்ற எண்ணில் தற்கொலைத் தடுப்பு உதவி கிடைக்கும். சிறுவர்களே இலவசமாக அழைத்துப் பேச 116 இருக்கிறது.

இந்த நாட்டின் 2005ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி, பன்னிரண்டு வயது நிறைந்து, விளைவைப் புரிந்துகொள்ளும் பக்குவமும் இருந்தால், பிள்ளை தானே மருத்துவச் சிகிச்சைக்குச் சம்மதம் தரலாம். கிளினிக்கில் எங்களிடம் வந்து 'என் மகள் என்ன சொன்னாள்?' என்று சண்டை போடுவதால் பயனில்லை. அவள் உங்களிடமும் சொல்லும்படி இருங்கள்.

டர்பனின் பழைய குடியிருப்புகளான கேட்டோ மேனரிலும் மேகசின் பாரக்ஸிலும் கூட்டுக் குடும்பமாக இருந்தவர்களை, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த சட்டம் 1960களில் சாட்ஸ்வொர்த்தின் சின்ன வீடுகளுக்குப் பெயர்த்தது. வயசுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் அல்லாத ஒரு மாமா, ஒரு சித்தி எப்போதும் கூப்பிடு தூரத்தில் இருந்த ஏற்பாடு அப்போது குலைந்தது. அதைத் திரும்பக் கட்ட வேண்டும். பிள்ளைக்குப் பதின்மூன்று வயதாகும்போது, அவனுக்கே பிடித்த ஒரு பெரியவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். 'அவன் உங்களிடம் என்ன சொன்னாலும், உயிருக்கு ஆபத்து இருந்தால் தவிர, எங்களிடம் சொல்ல வேண்டாம்' என்று பிள்ளையின் முன்னாலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். வாரம் ஒரு முறையாவது அவர் பையனைப் பார்க்க வேண்டும், பந்து விளையாடவோ, கார் கழுவவோ, எதற்காவது.

கோயில் கமிட்டிகளும் இதில் கைகொடுக்கலாம். தைப்பூசக் காவடிக்கும் ஆடிக் கூழுக்கும் பிள்ளைகளை நாற்காலி தூக்க மட்டும் கூப்பிடுகிறார்கள். ஒலிபெருக்கி, பழக் கணக்கு, வெயிலில் வரிசையில் நிற்பவர்களுக்குத் தண்ணீர், முதலுதவி மேசை என்று ஒவ்வொரு பொறுப்பிலும் பதினான்கிலிருந்து பதினேழு வயது வரையுள்ள இரண்டு பேரையும், அவர்களின் பெற்றோர் அல்லாத ஒரு பெரியவரையும் போடலாம். ஜனவரி விடுமுறை முடிவதற்குள் அவர்களுக்குப் பழக வேண்டும், ஆகவே பெயர்ப் பட்டியலை நவம்பரிலேயே எழுதத் தொடங்க வேண்டியிருக்கும். மெட்ரிக் எழுதுகிற பிள்ளைகளை மட்டும் தேர்வு முடியும்வரை விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
குழந்தைநலச் செவிலியர்கள், பள்ளி ஆலோசகர்கள் சிலர்
சாட்ஸ்வொர்த், டர்பன்